பவர் சப்ளைக்குள் செண்டுமல்லி

மனைவியின் உடலை வீட்டுக் கூடத்தில் கிடத்திவிட்டு, கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் தெருவில் நடந்து வந்தால் ஊர் என்ன சொல்லும்? சொன்னார்கள். சம்பத் அண்ணா எங்கள் வாசலுக்கு வந்து சேருவதற்குள் இரண்டு பேர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அடுப்பில் பெரிய குண்டானில் பால் வைத்துவிட்டு நின்றிருந்தேன். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. வருகிறவர்களுக்குக் காபி அக்கம்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். விடிந்ததிலிருந்து வசந்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அதற்காகத்தான் எழுந்து வந்திருந்தேன்.

அவர் கேபினெட்டைத் தரையில் இறக்கி வைத்தார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து பழுப்பேறிப் போன பெட்டி. பெட்டியின் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டு.

"தனா, சிஸ்டம் ஆன் ஆவ மாட்டேங்குதும்மா. ஃபேன் ஒரு துடி துடிக்குது, நின்னுடுது. சொல்ப பாரேன்."

"இப்பவாண்ணா?"

"நாலு மணிக்கு எடுக்கணும்னு சொல்றாங்க. அதுக்குள்ள பேனர் அடிச்சாவணும். அவ போட்டோ இதுலதான் இருக்குது."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். யாருக்கும் கையை நீட்டி அணைக்கத் தோன்றவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், பீன்யா ஃபேக்டரி பஸ்ஸில் நாங்கள் அடித்த கூத்துகளை எழுதியதற்கு, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. அந்த பஸ்ஸில் கைப்பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்த வசந்தாதான் இவள். அவள் போன நாளை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து, வேறு எதையாவது எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

ஊருக்கெல்லாம் பேனர் போட்டவர்

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. யூபிஎஸ், லேப்டாப் சார்ஜர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை எல்லாம் ரிப்பேர் பார்ப்பேன். நான்கு வீடு தள்ளி சம்பத் அண்ணாவின் டிசைன் கடை. பத்துக்குப் பத்து அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் வசந்தா.

இந்தப் பக்கத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்தாலும், பிள்ளைக்குக் காது குத்தினாலும், அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் பேனர் அவர் போட்டதுதான். யாராவது இறந்துவிட்டால் டாக்டர் சர்டிஃபிகேட்டுக்கு முன்னால் அவருக்குத்தான் போன் வரும்.

கண்ணீர் அஞ்சலி பேனரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மேலே இறந்தவர் படம், பெரிதாக. கீழே வரிசையாகத் துக்கப்படுகிறவர்களின் சின்னச் சின்னப் படங்கள். மகன், மருமகன், பேரன், மச்சான். அந்தக் கீழ் வரிசையில்தான் எல்லாச் சண்டையும். என் படம் ஏன் ஓரத்தில், அவன் படம் ஏன் நடுவில் என்று பிணத்தை வைத்துக்கொண்டு கடைக்கு வந்து கத்தியவர்கள் உண்டு. இறந்தவரைவிடத் தன் முகம் பெரிதாக வர வேண்டும் என்று கேட்ட மருமகனையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பது வசந்தாவின் வேலை. "சின்ன மருமவன விட்டுட்டீங்களே, நாளைக்குப் பொண்ணு வாழ வேணாமா?" என்று கேட்டு, விட்டுப்போனவர்களை எல்லாம் தேடிப் பிடித்துச் சேர்ப்பாள். யாருடைய முகமும் விடுபடக் கூடாது அவளுக்கு.

அவளுடைய பேனரில் போட யார் இருந்தார்கள்? குழந்தை இல்லை. அவர்களுடையது காதல் கல்யாணம், சாதி வேறு. குடியாத்தத்தில் இருந்த அவள் வீட்டார் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்கள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், நுரையீரலில் நீர் கோத்து, ஒரே வாரத்தில் அவள் முடிந்துபோனாள். அன்று காலை சம்பத் அண்ணா குடியாத்தத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர்கள் முழுக்கக் கேட்டார்கள். பிறகு வைத்துவிட்டார்கள்.

"ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழட்டித் தரேண்ணா. லிங்கராஜபுரத்துல பேனர் அடிக்கிறவங்களே டிசைனும் போட்டுத் தருவாங்க இல்ல?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

"ஊருல செத்தவங்களுக்கெல்லாம் நான் போட்டுட்டு, என் பொண்டாட்டிக்கு இன்னொருத்தன் போடணுமா? அவன் ரெண்டு புறாவும் ஒரு தாமரையும் வெச்சு அனுப்புவான். அவளுக்குப் புறாவே புடிக்காதும்மா."

புது பவர் சப்ளை வாங்கிப் போடலாம் என்றால் எஸ்.பி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. என்னிடம் இருந்தவை எல்லாம் அக்கக்காகக் கழற்றிப்போட்ட பழையவை. காபியை எடுத்துப் போகச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் குண்டானைக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

கொண்டை ஊசி வைத்தியம்

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால் முதலில் தெரிய வேண்டியது, குற்றம் பவர் சப்ளையிலா மதர்போர்டிலா என்பது. பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதிலிருந்து வருகிற பெரிய கனெக்டரில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பையும் சேர்த்துவிட்டால், பட்டனை அழுத்தியதாக நினைத்துக்கொண்டு பெட்டி கிளம்ப வேண்டும். இதற்கு என் கருவி கொண்டை ஊசி. தலையிலிருந்து உருவி, முனையைச் சுரண்டி, இரண்டு ஓட்டைக்கும் பாலம் போட்டேன்.

ஃபேன் ஒரு முறை துடித்தது. நின்றது.

அப்படியென்றால் குற்றம் பவர் சப்ளையில்தான். ஊதா ஒயரில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பெட்டி தூங்கும்போதும் அந்த ஒயரில் ஐந்து வோல்ட் இருக்க வேண்டும். நாலைக்கூடத் தொடவில்லை, அதுவும் நிலையில்லாமல் ஆடியது. ஆஸ்பத்திரியில் அவள் விரலில் மாட்டியிருந்த கிளிப் காட்டிய ஆக்ஸிஜன் எண் இப்படித்தான் இறங்கி ஏறி இறங்கியது. மீட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்னா தனா?"

"உள்ள பாக்கணும்ணா. கொஞ்சம் நேரம் ஆவும்."

"நேரம்" என்ற வார்த்தையைச் சொன்னதும் வாசலில் கோலார் பெரியவர் வந்து நின்றார். சம்பத் அண்ணாவின் தமையன். காலை ரயிலில் வந்தவர், வந்ததிலிருந்து கையில் கடிகாரத்தோடுதான் நிற்கிறார்.

"பேனர் இல்லன்னா என்னடா? போன உசிரு திரும்பி வந்துடுமா? குளிப்பாட்டணும், வாய்க்கரிசி போடணும், ஆள் நிக்குது. நீ இங்க வந்து ரேடியோ ரிப்பேர் பாத்துக்கிட்டு."

"நீ போண்ணா. வரேன்."

"எப்போ?"

"இது ஆன் ஆனதும்."

பெரியவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். நான்தான் பிணத்தைத் தடுத்து வைத்திருப்பதாக அவருக்கு எண்ணம். ஒரு விதத்தில் அது உண்மையும்கூட. இந்தப் பெட்டி உயிர் பெறும் வரை அவளை எடுக்க முடியாது என்று எனக்குள் ஒரு கள்ள ஆசை இருந்தது.

பூ யாருக்கு வைப்பது?

கரண்ட்டைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று பலர் நினைப்பார்கள். பவர் சப்ளைக்குள் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் ஆளைத் தூக்கி எறிகிற அளவு மின்சாரத்தை அவை பிடித்து வைத்திருக்கும். அதற்கு ஒரு குண்டு பல்பு வைத்திருக்கிறேன். கெப்பாசிட்டரின் காலில் பல்பின் ஒயரை வைத்தால், மிச்சமிருந்த மின்சாரம் பல்பில் ஒரு கணம் வெளிச்சமாகி அடங்கிவிடும். அடங்கியது. மூடியைத் திறந்தேன்.

உள்ளே செண்டுமல்லி.

காய்ந்து பழுப்பாகிப்போன இதழ்கள். தூசியோடு தூசியாக, ஃபேன் இறக்கையிலும் சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க் இடுக்கிலும். பூக் கட்டுகிற வெள்ளை நூல் ஃபேன் ஜாலி என்கிற கம்பி வலை வழியாக உள்ளே நுழைந்து, அச்சைச் சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது.

இதைப் புரிந்துகொள்ள பீன்யாவுக்குப் போக வேண்டும். நானும் வசந்தாவும் சால்டரிங் வேலை பார்த்த ஃபேக்டரியில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு மேல். அன்றைக்கு லைன் நிற்கும். மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, கையில் பொரியும் ஸ்வீட்டும் கொடுத்து அனுப்புவார்கள். "பேக பேகா" என்று வருஷமெல்லாம் விரட்டுகிற சூப்பர்வைசரம்மா அன்று ஒரு நாள் பட்டுச் சேலையில் சிரிப்பார். தன் சால்டரிங் அயனுக்கே ஒரு முழம் பூ சுற்றியவள் வசந்தா. சூடானால் எரியாதா என்று கேட்டால், இன்றைக்கு அதற்கு லீவு என்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு மெஷின் என்றால் இந்தக் கம்ப்யூட்டர்தான். வருஷா வருஷம் பொட்டு வைத்து, கே.ஆர். மார்க்கெட் செண்டுமல்லிச் சரத்தைப் பெட்டிக்கு முன்னால் மட்டுமல்ல, பின்பக்கம் ஃபேன் ஜாலியிலும் கட்டுவாள். கட்டிய பூவைத் தானாக உதிரும் வரை எடுக்க மாட்டாள். சாமிக்கு வைத்ததைப் பிய்த்தெறியக் கூடாதாம்.

"பின்னாடி கட்டாதடி, காத்து வெளிய போவாது. உள்ள வெந்துடும்."

"முன்னாடி வெறும் மூஞ்சிடி. கரண்ட்டு பின்னாடிதானே வருது? உசிரு எங்க இருக்குதோ அங்கதான் பூ வெக்கணும்."

எலெக்ட்ரிக்கல் படித்தவனிடமும் இதற்குப் பதில் இருக்காது.

இதழ்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தேன். அழுகை வந்தது. ஒப்பாரிக்காரிகள் நடுவில் உட்கார்ந்திருந்தபோது வராத அழுகை, மேசை முன்னால் வந்தது. சத்தம் போட்டே அழுதேன்.

சம்பத் அண்ணா கையை நீட்டினார். இதழ்களை அவர் கையில் கொட்டினேன்.

"அவ கட்டின பூ இல்ல?"

"ஆமாண்ணா."

"இதாலதான் போச்சா?"

ஃபேன் இறுகி, சூடு ஏறி, ஊதா ஒயரின் பக்கத்தில் இருந்த மூன்று சின்னக் கெப்பாசிட்டர்களும் வெந்து தலை வீங்கியிருந்தன. பூவால்தான் போனது, சந்தேகமே இல்லை. வாடிக்கைக்காரரிடம் பழுதை உள்ளபடி சொல்லிவிடுவது என் வழக்கம்.

"இல்லண்ணா. வயசாயிடுச்சு, அவ்ளோதான்."

அவர் இதழ்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

சீரிஸ் பல்பு

பிறகு வேலை கடகடவென்று நடந்தது. அயன் சூடேறுவதற்குள் கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுத்து, ஃபேன் அச்சில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். பரணில் கிடந்த பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவுள்ள மூன்று கெப்பாசிட்டர்களைப் பிடுங்கினேன். வீங்கியவற்றை எடுத்துவிட்டு இவற்றை வைத்தேன். கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் பட்டாசு மாதிரி வெடிக்கும். வசந்தா ஒரு முறை ஃபேக்டரியில் மாற்றி வைத்து, வெடித்த சத்தத்தில் லைனே எழுந்து ஓடியது. இவள் மட்டும் இடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரிப்பேர் பார்த்த பெட்டிக்கு நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு குண்டு பல்பை வைத்துக் கொடுக்க வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். சரியாக இருந்தால் ஒரு முறை மின்னி மங்கிவிடும்.

சுவிட்சைப் போட்டேன். பல்பு மின்னியது. மங்கியது. ஊதா ஒயரில் ஐந்து வோல்ட், ஆடாமல் நின்றது. கொண்டை ஊசியைச் செருகினேன். ஃபேன் சுற்றியது, நிற்கவில்லை.

வேறு நாளாக இருந்தால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். இத்தனை வருஷத்தில் அது வராமல் இருந்ததில்லை. அன்றைக்கு வரவில்லை. இனி அவளை எடுப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

கீழ் வரிசை

கம்ப்யூட்டரை என் மேசையிலேயே மாட்டினோம். அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. நான் அதில் உட்காராமல் நின்றேன்.

படம் என் மகள் கல்யாணத்தில் எடுத்தது. தேடிப் பார்த்ததில் வசந்தா கண் மூடாமல் நேராகப் பார்க்கிற படம் அது ஒன்றுதான். அதில் அவள் தனியாக இல்லை. பக்கத்தில் நான், அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரிய.

"உன்ன வெட்டணும்மா" என்றார்.

"வெட்டுங்கண்ணா."

மவுஸைப் பிடித்து எங்கள் இருவருக்கும் நடுவில் கோடு இழுத்தார். என்னைப் பிரித்துத் தனியாக ஓரத்தில் வைத்தார். என் விரல்கள் மட்டும் அவள் தோளில் தங்கிவிட்டன. பக்கத்துச் சேலை நிறத்தை எடுத்து ஒவ்வொரு விரலாக அழித்துக்கொண்டு வந்தார். பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது பேனர் தயாராக இருந்தது. புறா இல்லை, தாமரை இல்லை. வெறும் வெளிர் மஞ்சளில் அவள் முகம், பெயர், தேதி. கீழ் வரிசையில் சம்பத் அண்ணாவின் படம் ஒன்றே ஒன்று. அவர் கண்ணீர் அஞ்சலி போட்ட எந்தப் பேனரிலும் அவ்வளவு வெட்ட வெளியை நான் பார்த்ததில்லை.

பிறகு, ஓரத்தில் வெட்டி வைத்திருந்த என்னை இழுத்துக் கீழே தன் பக்கத்தில் வைத்தார்.

அதற்குள் மறுபடி வந்துவிட்ட கோலார் பெரியவர் பின்னாலிருந்து, "டேய், ஒறவுமொறை இல்லாத பொம்பள போட்டோ எதுக்குடா? நாலு பேரு என்ன கேப்பான்?" என்றார்.

"கேக்கட்டும். அவளுக்கு வேற யாருண்ணா இருக்கா?"

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே நடந்தார். அன்று காலையில் அவர் செய்த நல்ல காரியம் அது.

"பேருக்குக் கீழ என்னான்னு போடட்டும் தனா? அக்கான்னு போட்டுடவா?"

"ஒண்ணும் வேணாம்ணா. பேரு மட்டும் போதும்."

தனலட்சுமி என்று அடித்தார். இரண்டு பேனர் வேண்டும் என்று சொல்லி, பென் டிரைவை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து ஆட்டோவில் லிங்கராஜபுரத்துக்கு அனுப்பினார். பிறகு எழுந்து, குளிப்பாட்டும் சடங்குக்காகத் தன் வீட்டுக்குப் போனார். கம்ப்யூட்டரை அணைக்க மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை.

தெருமுனை

நாலு மணிக்கு எடுப்பதாகச் சொன்னது ஐந்தாகிவிட்டது. பேனர் வந்த பிறகுதான் எடுப்பேன் என்று சம்பத் அண்ணா தலைமாட்டை விட்டு நகரவில்லை. ஈரச் சாயம் கையில் ஒட்ட ஒட்ட என் வீட்டுக்காரர் கொண்டு வந்து சேர்த்தார். ஒன்றைத் தெருவில் லைட் கம்பத்தில் கட்டினார்கள். இன்னொன்றை அமரர் ஊர்தியின் முன்னால், கண்ணாடிக்குக் கீழே கட்டினார்கள்.

வசந்தாவை ஏற்றினார்கள். தமட்டை மேளம் முன்னால் போக, வண்டி மெதுவாக நகர்ந்தது. நாங்கள் பெண்கள் பின்னால் நடந்தோம். அழ ஆள் இல்லாதவள் என்று நினைத்திருந்தேன். அவள் விடுபடாமல் பேனரில் சேர்த்துவிட்ட வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்திருந்தார்கள். சின்ன மருமகன்களின் மனைவிகள்கூட.

தெருமுனை வந்ததும் வண்டி நின்றது. கோலார் பெரியவர் இறங்கி வந்து கையைக் குறுக்கே நீட்டினார்.

"பொம்பளைங்க இதோட நின்னுக்குங்கம்மா."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. தெருமுனைக்கு மேல் ஆண்கள்தான்; மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. எத்தனையோ சாவுக்கு நானும் அங்கேயே நின்று, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வீடு திரும்பியிருக்கிறேன். ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"நான் வரேங்க" என்றேன்.

"வழக்கம் இல்லம்மா."

"அவளுக்கு வேற யாரும் இல்லங்க."

"தெரியும்மா" என்றார். குரல் முதல் முறையாக இறங்கியிருந்தது. "ஆனா வழக்கம் இல்ல."

சண்டை போட எனக்குத் தெரியும். வாய்க்காகவே பெயர் வாங்கியவள் நான். ஆனால் அவளை வண்டியில் வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது? நின்றுவிட்டேன்.

தமட்டை மறுபடி ஒலித்தது. வண்டி மெயின் ரோட்டில் ஏறி வட்டமடித்து எதிர்ப்பக்கம் திரும்பும்போது அதன் முன்பக்கம் ஒரு கணம் எங்களைப் பார்த்தது. மேலே வசந்தா. கீழ் வரிசையில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நான். கல்பள்ளி மயானம் வரைக்கும் அவளோடு போனது அந்த முகம்தான்.